கேன்டீனில் கியூ... கச்சேரியில் காலி நாற்காலி! மார்கழி மேடையின் வரவு - செலவு

மார்கழி அதிகாலை. மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலைச் சுற்றியுள்ள மாட வீதிகளில் வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருக்கும் நேரம். தெருமுனையிலிருந்து ஜால்ரா சத்தம் கேட்கிறது. ஸ்வெட்டரும் மஃப்ளருமாகச் சிலர் பாடிக்கொண்டே நடந்து வருகிறார்கள். முன்னால் போகிறவர் ஒரு வரி எடுத்துக்கொடுக்க, பின்னால் வருகிறவர்கள் அதையே திருப்பிப் பாடுகிறார்கள். பாட்டி ஒருவர் கோலப்பொடி டப்பாவைக் கீழே வைத்துவிட்டுக் கைகூப்புகிறார்.

இதே வீதிகளில் பாபநாசம் சிவன் பல ஆண்டுகள் மார்கழி பஜனையை முன்னின்று நடத்தினார். அந்தப் பழக்கம்தான் இன்றும் தொடர்கிறது. இதற்கு டிக்கெட் இல்லை, மேடை இல்லை, மைக் இல்லை. பாடுகிறவர்கள் யாருக்கும் இது பிழைப்பும் இல்லை.

சென்னையின் டிசம்பர் சீஸனில் யாருக்கும் செலவு வைக்காத இசை என்றால் அநேகமாக இது ஒன்றுதான். பொழுது விடிந்த பிறகு நகரத்தில் ஒலிக்கிற ஒவ்வொரு பாட்டுக்கும் யாரோ ஒருவர் பணம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். பெரும்பாலும் அந்த ஒருவர், கேட்கிற நாம் இல்லை!

நேரத்தைச் சொன்னால் விலையைச் சொல்லலாம்

பறக்கும் ரயிலில் வந்து திருமயிலை நிலையத்தில் இறங்கினால் லஸ் கார்னர். ஒரு பக்கம் கோயில், மாட வீதிகள். கிழக்கு மாட வீதியில் பாரதிய வித்யா பவன். மயிலாப்பூருக்குள்ளேயே ரசிக ரஞ்சனி சபா, மயிலாப்பூர் ஃபைன் ஆர்ட்ஸ் கிளப். மேற்கே டி.டி.கே. சாலைக்கு வந்தால் நாரத கான சபா. அதே சாலையில் கதீட்ரல் சாலைச் சந்திப்பை நோக்கிப் போனால் மியூசிக் அகாடமி. ஆட்டோ பிடித்தால் தி.நகரில் வாணி மஹால், கிருஷ்ண கான சபா. இந்தச் சில கிலோமீட்டருக்குள் டிசம்பரில் நடக்கிற கச்சேரிகளை மொத்தமாக எண்ணி முடிப்பது கஷ்டம். 2017-ல் இசைக்கான படைப்பாற்றல் நகரங்களின் பட்டியலில் யுனெஸ்கோ சென்னையைச் சேர்த்ததற்கு இந்தச் சீஸனும் முக்கியமான காரணம்.

காலையில் லெக்டெம் எனப்படும் விளக்க உரைகள். வித்வான்கள் ஒரு ராகத்தையோ தாளத்தையோ எடுத்துக்கொண்டு பேசியும் பாடியும் காட்டுவார்கள். மதியம் 12 மணிக்கும் அதற்கடுத்த நேரத்திலும் ஜூனியர்கள். 4 மணிவாக்கில் சப்-சீனியர். மாலை 6, 7 மணிக்கு மேல் சீனியர்கள், அதாவது நட்சத்திரங்கள்.

கடிகாரத்தைப் பார்த்தே டிக்கெட் விலையைச் சொல்லிவிடலாம். காலையும் மதியமும் பெரும்பாலான சபாக்களில் இலவசம். 4 மணிக்குப் பல இடங்களில் குறைந்த கட்டணம். மாலையில்தான் முழு டிக்கெட். மற்ற நேரங்களில் கதவு திறந்தே இருக்கிறது. ஆனால், அந்த நேரங்களிலும் மேடையில் மின்விசிறி சுற்றுகிறது, மைக் வேலை செய்கிறது, நான்கு கலைஞர்கள் உட்கார்ந்து பாடுகிறார்கள், வாசிக்கிறார்கள்.

மேடையில் நாலு பேர், எதிரே பத்துப் பேர்

மதியக் கச்சேரி ஒன்றுக்குள் போய் உட்கார்ந்தால் விஷயம் புரியும். மேடையில் பாடகி, வயலின், மிருதங்கம், கடம். எதிரே முன்வரிசையில் அம்மா, அப்பா, குரு, சித்தி. நடுவரிசையில் எந்தக் கச்சேரியையும் விடாத இரண்டு மூத்த ரசிகர்கள், மடியில் குறிப்பேடு. கடைசி வரிசையில் வெயிலுக்கு ஒதுங்கிய ஒருவர். மீதியெல்லாம் காலி நாற்காலிகள்.

மேடையில் இருக்கும் அந்தப் பெண் ஆறேழு வயதில் பாட ஆரம்பித்திருப்பார். பதினைந்து வருடம் குருவுக்குக் கட்டணம். இந்த ஒரு கச்சேரிக்காகப் பல வாரம் சாதகம், பக்கவாத்தியக்காரர்களோடு ஒத்திகை, கார் வாடகை, புடவை. யூடியூபில் போடுவதற்கு வீடியோ எடுத்தால் அதற்கும் தனிச் செலவு. பல சபாக்கள் ஜூனியர்களுக்குத் தரும் சன்மானம் போக்குவரத்துக்கே சரியாகிவிடும் என்பது இசை வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். சில இடங்களில் சால்வை, தாம்பூலப் பை, ஒரு சான்றிதழ். அவ்வளவுதான்!

பக்கவாத்தியக்காரர்களுக்கு யார் தருவது? சபா தருவது போதவில்லை என்றால் பாடுகிறவரே கைக்காசைப் போட வேண்டும். இன்னும் ஒரு படி மேலே போய், மேடை கிடைப்பதற்கே நன்கொடை தர வேண்டியிருக்கிறது என்ற புகாரும் ஒவ்வொரு சீஸனிலும் எழுகிறது. வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்து பாடும் பிள்ளைகளுக்கு அந்தத் தொகை பெரிதாகத் தெரியாமல் இருக்கலாம். கும்பகோணத்திலிருந்தோ பாலக்காட்டிலிருந்தோ ரயிலேறி வரும் பிள்ளைக்கு அது கட்டுப்படியாகாது. திறமை சமமாக இருந்தாலும், காத்திருக்க வசதி உள்ளவர்தான் 12 மணியிலிருந்து 4 மணிக்கும், 4 மணியிலிருந்து 7 மணிக்கும் நகர முடியும்.

அப்படியானால் ‘இலவசக் கச்சேரி’ என்பதன் செலவு எங்கே போகிறது? கணிசமான பங்கு அந்தப் பெண்ணின் வீட்டுக் கணக்கில்தான் ஏறுகிறது.

வாழைப்பூ வடைக்கு வரிசை

அரங்கத்தை விட்டு வெளியே வந்தால் காட்சியே வேறு. பின்பக்கப் பந்தலில் கேன்டீன். டோக்கன் வாங்க வரிசை. வாழை இலையில் சாப்பாடு, வாழைப்பூ வடை, கீரை வடை, அசோகா அல்வா, டிகிரி காபி. மவுன்ட்பேட்டன் மணி ஐயர், அறுசுவை நடராஜன் என்று சமையல் கலைஞர்களின் பெயரைச் சொல்லியே சபாக்களைத் தேடிப் போகிறவர்கள் உண்டு. பாட்டு கேட்காமல் சாப்பாட்டுக்கு மட்டும் வருகிறவர்களும் உண்டு. அதில் தவறு ஒன்றும் இல்லை. கேன்டீன் போடுகிறவர் இடத்துக்குத் தரும் வாடகையும் சபாக்களுக்கு ஒரு வருமானம்தானே!

ஆனால், ஒரு வித்தியாசத்தைக் கவனிக்க வேண்டும். இரண்டு பேர் இலைச் சாப்பாடு சாப்பிட்டு, காபி குடித்து, வீட்டுக்கு ஒரு பெட்டி இனிப்பும் வாங்கினால் ஆகும் தொகையை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. அதே அளவு பணத்துக்குக் கச்சேரி டிக்கெட் என்றால், ‘பாஸ் கிடைக்குமா?’ என்ற கேள்வி வந்துவிடுகிறது. சாப்பாட்டுக்கு ஒரு விலை உண்டு என்று பழகிய நாம், பாட்டுக்கும் அப்படி ஒன்று உண்டு என்று இன்னும் முழுதாகப் பழகவில்லை.

சபா எப்படிப் பிழைத்தது?

ஒரு காலத்தில் சங்கீதத்துக்குச் சோறு போட்டவை அரசவைகளும் கோயில்களும். அந்த ஆதரவு குறைந்ததும் கலைஞர்கள் தஞ்சைப் பக்கத்திலிருந்து சென்னைக்கு நகர்ந்தார்கள். இங்கே வணிகர்களும் வக்கீல்களும் அதிகாரிகளும் சேர்ந்து சந்தா போட்டுச் சபாக்களை ஆரம்பித்தார்கள். திருவல்லிக்கேணியின் ஸ்ரீ பார்த்தசாரதி சுவாமி சபா 1900-ல் தொடங்கியது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தபோது கூடவே ஓர் அகில இந்திய இசை மாநாடும் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1928-ல் பிறந்தது மியூசிக் அகாடமி. டிசம்பர் மாதம் இசைக்கான மாதமானது இப்படித்தான். 1943-ல் தமிழ்ப் பாடல்களுக்கு மேடையில் இடம் கேட்டுப் பிறந்த தமிழ் இசைச் சங்கமும் ராஜா அண்ணாமலை மன்றத்தில் தனக்கென ஒரு விழாவை நடத்திவருகிறது.

சபாவின் முதுகெலும்பு மாதச் சந்தா. உறுப்பினருக்கு மாதம் சில நிகழ்ச்சிகள் நிச்சயம். அதில் கச்சேரி மட்டுமல்ல, நாடகமும் இருந்தது. 1960, 70-களில் ஒய்.ஜி. பார்த்தசாரதி, கே. பாலசந்தர், சோ ஆகியோரின் நாடகங்களுக்குச் சபா அரங்குகள் நிறைந்தன. நாடகத்துக்காகக் கட்டிய சந்தாவில்தான் பல இடங்களில் சங்கீதமும் நடந்தது. 1975-ல் சென்னைக்குத் தொலைக்காட்சி வந்தது. பிறகு கேபிள், சீரியல், செல்போன். சாயங்காலம் சபாவுக்குப் போகும் பழக்கம் குடும்பங்களில் மெல்ல மெல்லக் குறைந்தது. சந்தாவும் குறைந்தது. வருடம் முழுக்கப் பரவியிருந்த இசை, டிசம்பர் - ஜனவரிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தது.

இப்போது கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். 300 இருக்கைகள் உள்ள ஓர் அரங்கம், டிக்கெட் 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாற்காலிகூட மிச்சமில்லாமல் விற்றால் 60,000 ரூபாய். இதில் முக்கியக் கலைஞருக்கும் பக்கவாத்தியக்காரர்களுக்கும் சன்மானம், ஏ.சி., மின்சாரம், மைக், விளம்பரம், பணியாளர் சம்பளம் எல்லாம் அடங்க வேண்டும். சொந்த அரங்கம் இல்லாத சபா என்றால் வாடகையும் சேரும். அதே நாளில் அதே மேடையில் நடந்த இரண்டு இலவசக் கச்சேரிகளின் செலவையும் இந்த ஒரு மாலைதான் சுமக்க வேண்டும். பாதி அரங்கம் காலி என்றால்?

இசை நிகழ்ச்சிக்கு 500 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. அதைத் தாண்டினால் 18 சதவிகிதம். விலையை ஏற்றி நிலைமையைச் சரிசெய்யலாம் என்று நினைக்கும் சபாவுக்கு இதுவும் ஒரு வேகத்தடை.

துண்டு விழும் தொகையை யார் தருகிறார்கள்? மேடையின் பின்பக்கத்தைப் பாருங்கள். வங்கி, நகைக்கடை, பட்டுச்சேலைக் கடை, காபித் தூள், பெருங்காயம் என்று பெயர்கள் வரிசையாகத் தொங்கும். கம்பெனிகள் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் லாபத்தில் 2 சதவிகிதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவழிக்க வேண்டும். அந்தப் பட்டியலில் பாரம்பரியக் கலைகளும் உண்டு. ஆனால், அதே பட்டியலில் பள்ளிக்கூடமும் மருத்துவமும் குடிநீரும் நிற்கின்றன. ஒரு வருடம் கிடைத்தது அடுத்த வருடமும் கிடைக்கும் என்ற நிச்சயமில்லை. வியாபாரம் சுணங்கினால் முதலில் கழற்றப்படுவது இந்த பேனராகத்தான் இருக்கும்.

வேகமாகப் பாட முடியாதே!

இது சென்னைக்கு மட்டும் வந்த சிக்கல் இல்லை. அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் வில்லியம் பாமோலும் வில்லியம் போவனும் 1966-ல் நிகழ்த்துகலைகளின் பொருளாதாரம் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்கள். அவர்கள் கண்டது எளிமையானது. தொழிற்சாலையில் இயந்திரம் வந்தால் ஒரே ஆள் முன்பைவிடப் பல மடங்கு பொருள் செய்கிறார். அதனால் அவருக்குச் சம்பளம் கூட்டித் தர முடிகிறது. ஆனால், நான்கு பேர் சேர்ந்து வாசிக்கும் ஓர் இசைக்கு அன்றும் நான்கு பேர்தான், இன்றும் நான்கு பேர்தான். நேரத்தையும் குறைக்க முடியாது. ஊரில் எல்லோருடைய சம்பளமும் ஏறும்போது இவர்களுக்கும் ஏற வேண்டும். ஆனால், அவர்கள் ‘உற்பத்தி’ ஏறவே ஏறாது.

இதைக் கச்சேரிக்குப் பொருத்திப் பாருங்கள். வர்ணத்தில் தொடங்கி மங்களத்தில் முடியும் இன்றைய கச்சேரி முறைக்கு வடிவம் கொடுத்தவர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார். அவர் காலத்தில் ஒரு தோடி ஆலாபனைக்கு எவ்வளவு நேரம் பிடித்ததோ, இன்றும் அவ்வளவு பிடிக்கும். நேரத்தை மிச்சப்படுத்த வேகமாகப் பாடினால் அது தோடியாக இருக்காது.

நேரத்தைக் குறைக்க முடியாது என்றதும் ஆளைக் குறைக்கிறார்கள். முதலில் போனது தம்புரா. மேடையில் பின்னால் உட்கார்ந்து கச்சேரி முழுக்கச் சுருதி மீட்டியவரின் இடத்துக்கு எலெக்ட்ரானிக் பெட்டி வந்தது. இப்போது அதுவும் போய் செல்போனில் ஓர் ஆப். ஒரு மனிதரின் வருமானம் ஒரு டவுன்லோடில் முடிந்துபோனது. அடுத்து கடம், கஞ்சிரா, மோர்சிங். ‘மிருதங்கம் மட்டும் போதுமே’ என்று சொன்னால் ஒரு சன்மானம் மிச்சம். மேடையில் நாலு பேர் மூன்றாவது இப்படித்தான்.

45 நிமிட ராகம், 30 விநாடிக் கணக்கு

‘சபாவை விடுங்கள், யூடியூப் இருக்கே’ என்று தோன்றலாம். மாட வீதிக் கடைகளில் கேசட்டும் சி.டி.யும் அடுக்கி வைத்திருந்த காலத்தில், நன்றாகப் போன ஒரு பதிவு கலைஞருக்கு ஓரளவு பணம் தந்தது. இன்று எல்லாமே செல்போனில் கிடைக்கிறது. ஸ்பாட்டிஃபை போன்ற தளத்தில் ஒரு பாட்டை 30 விநாடி கேட்டால் ஒரு கணக்கு. 45 நிமிட ராகம் தானம் பல்லவியை முழுக்கக் கேட்டாலும் அதே ஒரு கணக்குதான்! 2024 முதல், கடந்த 12 மாதங்களில் 1,000 முறைகூடக் கேட்கப்படாத பதிவுக்கு அந்தத் தளத்தில் காசே கிடையாது. மூன்று நிமிடப் பாட்டுக்காகத் தைத்த சட்டை, கர்னாடக இசைக்குப் பொருந்தாமல் நிற்கிறது.

2020-ல் கொரோனா எல்லா அரங்குகளையும் பூட்டியபோது சீஸன் இணையத்துக்குப் போனது. வீட்டில் சோபாவில் உட்கார்ந்து கட்டணம் செலுத்திக் கேட்டார்கள். வெளிநாட்டு ரசிகர்களும் சேர்ந்தார்கள். அது கைகொடுத்தது உண்மை. ஆனால், கைதட்டலே இல்லாத அரங்கில், கேமராவைப் பார்த்துப் பாடுவது கலைஞர்களுக்கு வேறு மாதிரி இருந்தது. ‘பலே’, ‘சபாஷ்’ என்று முன்வரிசையிலிருந்து குரல் வந்தால்தான் நிரவலில் இன்னொரு சுற்று போகத் தோன்றும்.

வேறு வழிகள், வேறு கணக்குகள்

2015-ல், இனி டிசம்பர் சீஸனில் பாடுவதில்லை என்று அறிவித்தார் டி.எம்.கிருஷ்ணா. அதே ஆண்டு பெசன்ட் நகரை ஒட்டிய மீனவக் குப்பத்தில் ஊரூர் ஆல்காட் குப்பம் விழா தொடங்கியது. கடற்கரை மணலில் கர்னாடக இசையும் பறையாட்டமும் ஒரே மேடையில். அனுமதி இலவசம். அதன் பின்னால் தன்னார்வலர்களின் உழைப்பு.

அரசு பணம் போட்ட முயற்சி சென்னை சங்கமம். 2007 பொங்கலுக்குத் தொடங்கி, பூங்காக்களிலும் கடற்கரையிலும் கரகம், தப்பாட்டம், ஒயிலாட்டம் என்று நாட்டுப்புறக் கலைஞர்களைக் கொண்டுவந்து நிறுத்தியது. 2011-ல் ஆட்சி மாறியதும் நின்றுபோனது. 2023 பொங்கலுக்குத்தான் திரும்ப வந்தது. இடையில் போன வருடங்களில் அந்தக் கலைஞர்களுக்குச் சென்னையில் கிடைத்திருக்க வேண்டிய கூலியை யாரும் திருப்பித் தரப்போவதில்லை.

சென்னை சீஸன் முடிந்ததும் வித்வான்கள் போகும் திருவையாறு தியாகராஜ ஆராதனையில் யாரும் சன்மானம் வாங்குவதில்லை. அங்கே பாடுவது காணிக்கை. ஆனால், அந்தச் சமாதிக்கு இடம் வாங்கிக் கோயில் எழுப்பியவர் பெங்களூர் நாகரத்தினம்மாள். தான் பாடிச் சம்பாதித்த சொத்தை அதற்காகச் செலவழித்தார். காணிக்கையாகப் பாடுகிற இடத்துக்குக்கூட, காசு வாங்கிப் பாடிய ஒரு பெண்ணின் உழைப்பு தேவைப்பட்டிருக்கிறது!

மார்கழிக்குச் சென்னை வருகிறீர்களா?

மாலை 7 மணி. பெரிய அரங்கம் ஒன்றில் நட்சத்திரப் பாடகரின் கச்சேரி. ‘ஹவுஸ்ஃபுல்’ பலகை. டிக்கெட் கிடைக்காதவர்கள் வாசலில் காத்திருக்கிறார்கள். இதைப் பார்த்தால் சங்கீதத்துக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் தோன்றும். ஆனால், இந்த 7 மணிப் பாடகரும் ஒரு காலத்தில் 12 மணிக்குக் காலி நாற்காலிகளுக்குப் பாடியவர்தான். அந்த மதிய மேடை, வசதியுள்ளவர்களுக்கு மட்டும் என்று ஆகிவிட்டால், இருபது வருடம் கழித்து இந்த 7 மணிக்கு யார் வருவார்கள்?

எனவே மார்கழிக்கு வந்தால் ஒரு மதியக் கச்சேரிக்குள் போய் உட்காருங்கள். எதிரே பத்துப் பேர் என்பது பதினொன்றாகட்டும். 4 மணி சப்-சீனியர் கச்சேரிக்கு ஒரு டிக்கெட் வாங்குங்கள். வடையும் காபியும் சாப்பிடுங்கள், அதன் விலையோடு டிக்கெட் விலையை ஒருமுறை ஒப்பிட்டும் பாருங்கள். பாஸ் கேட்பதற்குப் பதில் பணம் கொடுங்கள். குழந்தைகளை அழைத்துப் போங்கள். பாதியில் தூங்கினாலும் பரவாயில்லை, அந்த வீட்டுக்குச் சபா என்று ஓர் இடம் இருப்பது தெரிந்துவிடும்.

இன்னும் ஒன்று. கச்சேரியின் முக்கால் பங்கு முடிந்ததும் பாடகர் நிறுத்திக்கொண்டு மிருதங்கத்தைப் பார்ப்பார். தனி ஆவர்த்தனம். இரண்டு மணி நேரம் அடுத்தவருக்காக வாசித்தவருக்கு, அவருக்கென்று கிடைக்கும் பத்துப் பதினைந்து நிமிடம். சரியாக அந்த நேரத்தில்தான் நாற்காலிகள் சடசடவென்று மடங்கும். பாதி அரங்கம் கேன்டீனுக்கும் ஆட்டோ ஸ்டாண்டுக்கும் கிளம்பும்.

அப்போது எழுந்திருக்காமல் உட்கார்ந்திருங்கள். கையில் தாளம் தெரிந்தால் போடுங்கள், தெரியாவிட்டால் வெறுமனே கேளுங்கள். கடைசித் தீர்மானம் விழுந்து மிருதங்கக்காரர் நிமிர்ந்து பார்க்கும்போது, எதிரே ஆள் இருப்பது அவருக்குத் தெரியட்டும்.